முப்பதுக்குக் கீழே

கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த வெள்ளி அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மேலே வர மறுத்தது. வீரபாண்டி நகத்தால் மூன்று முறை தட்டிப் பார்த்தான். மரச்சட்டத்தோடு சேர்த்து ஆட்டிப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்ற தைரியத்தில், "இந்தா, எந்திரி" என்று சொல்லியும் பார்த்தான். அது அசையவில்லை.

சாந்தன்பாறைக்கு மேலே அந்தப் புல்மேட்டில் கூடாரம் அடித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. மார்கழிப் பனி அவனுக்குப் புதிதல்ல. ஆனால் பனி இப்படிக் கல்லுப்பு மாதிரி புல்லில் ஒட்டிக்கொண்டு, காலை வைத்தால் நொறுங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வாளித் தண்ணீரின் மேல் ஒரு தகடு படிந்திருந்தது. அதை உடைத்துத்தான் முகம் கழுவியிருந்தான். கழுவிய முகம் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

பூப்பாறையிலிருந்து புதிதாக ஒரு வண்டிப்பாதை வரப்போகிறது என்று சொல்லி, அதற்குத் தடம் பார்க்க வந்திருந்த முகாம் அது. ஏழு கூடாரம். காடு வெட்டி அளவுச் சங்கிலி பிடிக்கப் பதினான்கு ஆள். அவர்களுக்கு மேஸ்திரி பெரியமுத்து. எல்லோருக்கும் மேலே ஓவர்சியர் அனந்தநாராயண ஐயர். வீரபாண்டி முகாம் காவல்காரன். அவன் மனைவி சின்னத்தாய் ஆட்களுக்குப் பொங்கிப் போட்டாள்.

காவல் தவிர வீரபாண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. புல்மேட்டின் கடைசியில், ஒரு கம்பத்தில், சின்னக் கூரைக்குக் கீழே குளிர் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. தினமும் விடிந்ததும் அதில் இருக்கும் பாதரசம், அவன் பாஷையில் வெள்ளி, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துவந்து ஓவர்சியரிடம் சொல்ல வேண்டும். மேலாபீசின் உத்தரவு அது. முந்தின வருஷம் வேறொரு முகாமில் ஆட்கள் குளிரில் விறைத்துப் படுத்துவிட்டார்களாம். அதனால் தண்ணீர் உறைகிற முப்பத்திரண்டையும் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து முப்பதுக்குக் கீழே போனால் முகாமைக் கலைத்துச் சாந்தன்பாறைக்கு இறங்கிவிடலாம். போகாவிட்டால் தடம் முடிகிறவரை மேலேதான் கிடக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடியை வீரபாண்டி தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கே அவன் வேலை போய்விடும் என்று ஓவர்சியர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்.

வேலை போனால் வீரபாண்டிக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஏலக்காட்டில் மரம் சாய்ந்து இடது கால் நசுங்கியதிலிருந்து அவனால் சுமை தூக்க முடியாது. சுமை தூக்காத ஆளுக்கு அந்த மலையில் காவல் வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. கீழே போடிப் பக்கம் மாமனார் வீடு இருந்தது. மாமனாருக்கு எருமை நாலு, வாய் ஒன்று. கால் அடிபட்டு அங்கே கிடந்த ஆறு மாதத்தில், விருந்தாளிகள் வந்தால் போதும், "நம்ம மாப்பிள்ளைதான் எருமைக்குத் தண்ணி காட்டுறாரு, நல்லாக் காட்டுறாரு" என்று அவர் பெருமையாக அறிமுகப்படுத்துவார். அந்தப் பெருமையிலிருந்து தப்பித்துத்தான் வீரபாண்டி மலையேறியிருந்தான்.

இப்போது வெள்ளி மேலே வரமாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் யோசித்ததில் வீரபாண்டிக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெள்ளி உறைந்துவிட்டது. இதில் அதிசயம் என்ன இருக்கிறது? சின்னத்தாயின் தேங்காய் எண்ணெய் முகாமுக்கு வந்த நாளிலிருந்து உறைந்துதான் கிடக்கிறது. தினமும் குப்பியை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் அவள் தலைக்குத் தடவுகிறாள். உறைந்த எண்ணெயை யாராவது அளக்க முடியுமா? உருக்கினால்தானே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

ஆகவே அவன் கண்ணாடியைச் சட்டத்தோடு கழற்றித் துண்டில் சுற்றி, தன் கூடாரத்துக்குக் கொண்டுவந்து, பக்குவமாக அடுப்போரம் சாய்த்து வைத்தான்.

வெள்ளி உருகியது. உருகியது மட்டுமல்ல, கிளம்பியது. நாற்பது, அறுபது, எண்பது என்று அது ஏற ஏற, தன் வைத்தியம் பலித்ததில் வீரபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நூறைத் தாண்டியபோதுதான் போதும் என்று தோன்றியது. கையை நீட்டுவதற்குள் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குழாய் இரண்டாகப் பிளந்தது. வெள்ளி சின்னச் சின்ன மணியாகத் தெறித்துச் சாம்பலுக்குள் ஓடி மறைந்தது.

சின்னத்தாய் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கெவுருமெண்டு கண்ணாடி."

"அதை எதுக்கு அடுப்புல வச்சீக?"

"ஒறைஞ்சு போச்சு. நீ எண்ணெய உருக்குறேல்ல, அந்த மாதிரிதான்..."

அப்பா வீட்டு எருமைகள் அவள் கண்முன்னாலும் வந்து நின்றிருக்க வேண்டும். சோற்றுப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பசையாக்கினாள். இருவருமாக இரண்டு துண்டையும் ஒட்டிச் சட்டத்தில் பொருத்தினார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் முழுக் கண்ணாடி மாதிரியே இருந்தது. உள்ளே வெள்ளி இல்லாதது ஒன்றுதான் குறை.

அவன் அதைக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஓவர்சியர் கூடாரத்துக்குப் போனான்.

ஓவர்சியர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். வெயில் முதுகில் உறைக்கும் வரை கூடாரத்தை விட்டு வெளியே வரமாட்டார். விடியற்காலையில் ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்த மனிதர் இங்கே வந்து குளியலைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு கம்பளிக்கும் ஒரு மப்ளருக்கும் நடுவில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. அந்த மூக்கு கேட்டது.

"எத்தனையாக்கும் இன்னிக்கு?"

"நாப்பது சாமி" என்றான் வீரபாண்டி. வாயில் வந்தது அதுதான். முந்தின நாள் நாற்பத்திரண்டு என்பது ஞாபகம் இருந்தது.

ஓவர்சியர் பெருமூச்சு விட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். வீரபாண்டியும் வெளியே வந்து ஒரு பெருமூச்சு விட்டான்.

மறுநாள் என்ன சொல்வது என்று யோசித்தபோது சின்னத்தாய்தான் வழி சொன்னாள். தேங்காய் எண்ணெயை நம்ப முடியாது, அது எப்போதும் உறைந்தே கிடக்கிறது. நல்லெண்ணெய் அப்படியல்ல, குளிருக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் என்றாள். காலையில் கரண்டியைச் சாய்க்கும்போது எண்ணெய் நூலாக இறங்கினால் நாற்பது. விட்டு விட்டு விழுந்தால் முப்பத்தெட்டு. விழ யோசித்தால் முப்பத்தாறு. இந்தக் கணக்குப்படி இரண்டு நாள் ஓடியது. கெவுருமெண்டு கண்ணாடியைவிட இது பரவாயில்லை என்றுகூட வீரபாண்டி நினைக்க ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் மேஸ்திரி பெரியமுத்து வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். தலைப்பாகை, மீசை, புருவம் எல்லாவற்றிலும் பனி பிடித்திருந்தது. பின்னால் பதினான்கு ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரே ஆளாக ஒட்டி நின்றார்கள். அரிவாளைப் பிடித்தால் விரல் திரும்ப விரியவில்லை என்று ஒருவன் கையை நீட்டிக் காட்டினான். உண்மையிலேயே விரியவில்லை.

"புல்லு வெள்ளையாக் கெடக்கு. தண்ணி கல்லாக் கெடக்கு. ஓங் கண்ணாடி மட்டும் முப்பத்தாறுங்குது" என்றார் பெரியமுத்து. "அது எந்த ஊருக் குளிரைப் பாக்குது?"

கண்ணாடி காட்டுவதைத்தானே சொல்ல முடியும் என்று வீரபாண்டி முனகினான். அப்படியானால் நாளைக்கு நாங்களே போய்ப் பார்க்கிறோம் என்றார் பெரியமுத்து. அந்த ஒரு வார்த்தையில் வீரபாண்டிக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. நாளைக்கு நிச்சயம் முப்பதுக்குக் கீழே இறங்கிவிடும், தனக்கு அப்படித் தோன்றுகிறது என்று வாக்குக் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தான். ஆட்களின் விரல்களைப் பார்த்தபிறகு அவனுக்கே மனசு கேட்கவில்லை என்பதும் நிஜம்.

மறுநாள் இருபத்தொன்பது என்றான். மப்ளருக்குள்ளிருந்து மூக்கோடு இரண்டு கண்ணும் வெளியே வந்தன. ஓவர்சியர் முதல்தடவையாக அவனை உட்காரச் சொன்னார். அதற்கடுத்த நாள் இருபத்தெட்டு. அன்றைக்கு ஓவர்சியர் தன் காப்பியில் அவனுக்கும் ஒரு லோட்டா ஊற்றச் சொன்னார். முகாம் முழுவதும் அவனைப் பார்த்துச் சிரித்தது. இன்னும் ஒரு நாள்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஓவர்சியர் பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார். கூடாரத்துக்கு வெளியே பதினான்கு பேரும் பெரியமுத்துவும் மூச்சு விடாமல் நின்றார்கள். அத்தனை காதும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதாக வீரபாண்டிக்குப் பட்டது. இருபத்தேழு என்று சொல்லத்தான் வந்தான். அதற்குள் ஓவர்சியர், "நேத்தியவிடக் கம்மிதானேடா? நன்னாக் கம்மிதானே?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டார். ஒரு நல்ல மனிதர் இவ்வளவு ஆசைப்படும்போது ஒன்றே ஒன்றைக் குறைத்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"பன்னெண்டு சாமி" என்றான்.

பேனா நின்றது. "பன்னண்டா?"

"பன்னெண்டுதான்."

ஓவர்சியர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு வெளியே நின்ற ஆட்களைப் பார்த்தார். அப்புறம் தன் கால்விரல்களை அசைத்துப் பார்த்தார், அவை அசையவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முகாமைக் கலைக்க அனுமதி கேட்டு அன்றைக்கே மேலாபீசுக்கு ஆள் அனுப்பினார்.

சின்னத்தாய் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். நல்லெண்ணெய் கரண்டியிலிருந்து விழ யோசித்ததே தவிர, அந்த அளவுக்கு யோசிக்கவில்லை என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த மலையில் என் இருபது வருஷ சர்வீசில் பன்னிரண்டு என்று ஒரு நாளும் கேள்விப்பட்டதில்லை, நானே நேரில் வந்து கண்ணாடியைப் பார்க்கிறேன், அதுவரை முகாம் அங்கேயே இருக்கட்டும் என்று மேலாபீசின் பெரிய துரை எழுதியிருந்தார். அந்த இரண்டு நாளும் வீரபாண்டி காலையில் போய்ப் பன்னிரண்டு, பன்னிரண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஏற்றவும் பயம், இறக்கவும் பயம்.

கடிதத்தை ஓவர்சியர் படித்துச் சொன்னதும் அவன் தன் கூடாரத்துக்கு வந்து உட்கார்ந்தான். சின்னத்தாய் ஏற்கெனவே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். எண்ணெய்க் குப்பியைச் சேலைக்குள் சுற்றி வைத்தவள், "எருமைத் தொழுவம் கதகதப்பாத்தான் இருக்கும்" என்றாள். ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். வீரபாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பதினோரு மணி இருக்கும், பெரிய துரை மட்டக் குதிரையில் வந்து இறங்கினார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கனத்த கம்பளிக் கோட்டும், மூக்குக் கண்ணாடியும் போட்டிருந்தார். கூடவே குடையும் சாப்பாட்டுக் கூடையுமாக அவருடைய பட்லர் சூசையப்பன் வந்தார். மேகம் புல்மேட்டில் தவழ்ந்துகொண்டிருந்தது. துரையின் மூக்குக் கண்ணாடியில் நீராவி படிய, அவர் நொடிக்கொரு தரம் அதைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். டீ வேண்டாம், நோட்டும் அப்புறம் பார்க்கலாம், முதலில் கண்ணாடி என்றார்.

மற்றவர்கள் இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் பட்லரும் மட்டும் கம்பத்தை நோக்கி நடந்தார்கள். காவல்காரன் மட்டும் கொஞ்சம் பின்னால் வரட்டும் என்றார். வீரபாண்டி நொண்டி நொண்டிப் போய் இருபதடி தள்ளி ஒரு புதரோரம் நின்றான். எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உறைந்தது என்று ஆரம்பிப்பதா, உருக்கினேன் என்று ஆரம்பிப்பதா?

துரை கூரைக்குக் கீழே குனிந்தார். அவர் முதுகும் சூசையப்பனின் குடையும் கம்பத்தை மறைத்தன. இடையில் மேகம் வேறு வந்து எல்லாவற்றையும் மூடியது. பிறகு மேகம் விலகியது. பெரிய துரை முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

தூரத்தில் நின்ற முகாம் முழுவதும் அதைப் பார்த்தது. துரை ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று பெரியமுத்து பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பனியை விரலால் அளக்கிறார், இவர்களுக்கு அதெல்லாம் பழக்கம் என்றார் ஓவர்சியர். வீரபாண்டிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். கண்டுபிடித்துவிட்டார். குழாய்க்குள் இல்லாத வெள்ளியைக் கீழே தேடுகிறார்.

இதற்கு மேல் நிற்க முடியாமல் அவன் புதரை விட்டு வெளியே வந்து, கும்பிட்ட கையோடு, "தொரை" என்றான்.

துரை திடுக்கிட்டு நிமிர்ந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. துரையின் முகம் தக்காளிப்பழமாகச் சிவந்தது. வீரபாண்டி வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். பேசாதே, ஒரு வார்த்தையும் பேசாதே என்பது அந்தக் கையிலேயே இருந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, சட்டத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, அவனைத் தாண்டி விறுவிறுவென்று முகாமுக்கு நடந்தார்.

தொலைந்தோம் என்று வீரபாண்டி பின்னாலேயே போனான்.

துரை ஓவர்சியரின் நோட்டைக் கேட்டு வாங்கினார். அன்றைய தேதிக்கு நேரே தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டார். ஓவர்சியர் எட்டிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"பன்னண்டு. கரெக்டாப் பன்னண்டாக்கும்."

வீரபாண்டி தன் காதை நம்பவில்லை. துரை அத்தோடு நிற்கவில்லை. முகாமை இன்றைக்கே, இப்போதே கலையுங்கள், ஒரு நிமிஷம் இங்கே இருக்கக்கூடாது என்றார். கண்ணாடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தானே கொண்டுபோவதாகவும், அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். பிறகு வீரபாண்டியைப் பக்கத்தில் கூப்பிட்டு, தோளில் தட்டி, இவன் நல்ல காவல்காரன், பேச்சுக் குறைந்த ஆள், அடுத்த முகாமிலும் அதற்கடுத்த முகாமிலும் இவனே காவல் இருக்கட்டும் என்று ஓவர்சியரிடம் உத்தரவாகச் சொன்னார்.

கடைசியில்தான் யாருக்கும் புரியாத காரியத்தைச் செய்தார். தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி வீரபாண்டிக்குப் போர்த்திவிட்டார். வெறும் சட்டையோடு குதிரை ஏறி, பல் கிடுகிடுக்க, திரும்பிப் பார்க்காமல் மலையிறங்கிப் போனார்.

அதன்பிறகு கூடாரங்கள் படபடவென்று விழுந்தன. காலையில் அரிவாள் பிடிக்க விரியாத விரல்கள் முளைக்குச்சி பிடுங்கும்போது நன்றாகவே விரிந்தன. சாயங்காலத்துக்குள் சாந்தன்பாறையில் இருக்கலாம், அங்கே வெந்நீர் வைத்துக் குளிக்கலாம் என்று ஓவர்சியர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மப்ளரைக் கழற்றியபோது அவருக்கு இரண்டு காது இருப்பதை ஆட்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் வரிசையாக இறங்க ஆரம்பித்தார்கள். பாதி வழியில் மேகம் விலகி வெயில் வந்தது. ஆட்கள் பேச்சும் சிரிப்புமாக முன்னால் போனார்கள். வீரபாண்டி கோட்டுக்குள் நொண்டி நடந்தான். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. பொங்கலுக்கு இதைப் போட்டுக்கொண்டே மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டே நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு, எருமைப் பக்கம் தலைவைத்தும் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும் என்று சின்னத்தாயிடம் சொன்னான். அவள் சிரித்து அவன் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. வேலை இருக்கிறது, நாளைக்கும் இருக்கும்.

ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளியே இல்லாத குழாயில், பொழுது ஏறிய நேரத்தில், துரை எப்படிப் பன்னிரண்டைப் பார்த்தார்?

துரை விட்டுப்போன சாப்பாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு சூசையப்பன் பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தார். வீரபாண்டி நின்று, அவர் பக்கத்தில் வந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு, துரை நிஜமாகவே கண்ணாடியில் பன்னிரண்டைப் பார்த்தாரா என்று கேட்டான்.

சூசையப்பன் முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க பாக்க? மூக்குக் கண்ணாடி மங்குதுன்னு கம்பத்துல மாட்டியிருந்ததைக் கழட்டிக் கண்ணு கிட்ட கொண்டு போனாரு, கையிலேயே ரெண்டாப் போயிட்டு. வெள்ளி புல்லுல சிந்திட்டுன்னு தடவித் தடவிப் பாத்தாரு, ஒரு பொட்டுகூடக் கெடைக்கல. கெவுருமெண்டுக் கண்ணாடியைத் தொரையே ஒடைச்சதை நீ பாத்துட்டேன்னுதாம்யா, பயந்து போயி அந்தக் கோட்டைக் குடுத்தாரு."